பேறுகாலமும் தாமதமும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கேள்வியுற்ற நண்பர் ஒருவர், "வாலிபர் சங்கத்து மேடையிற் பிள்ளைப்பேற்றைப் பற்றிப் பேசுவதா? அது பெண்கள் காரியமல்லவா?" என்று வினவினார். நாம் அப்போது மறுமொழி கூறவில்லை. இவ்வுரையே அவருக்குரிய மறுமொழி. பேற்று நோவு பெண்ணுக்குரியது. ஆனால் நோவு கண்டவளை எப்பொழுது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வது, எந்த வாகனத்திற் கொண்டுசெல்வது, பணத்துக்கு யாரிடம் போவது என்பவற்றை உலகின் எத்தனையோ வீடுகளில் முடிவு செய்கிறவர்கள் ஆண்கள். அம்முடிவு பிந்துவதனால் இறக்கின்றவர்கள் பெண்களும், அவர்கள் பெற்ற சிசுக்களும்.

திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் வரலாற்றை இச்சபையிற் கேளாதார் இலர். நிறைமாதக் கர்ப்பிணியான மகளுக்குத் துணையிருக்கப் புறப்பட்ட தாய், காவிரி பெருக்கெடுத்தமையால் வழியிலே தடைப்பட்டு நின்றாள். இங்கே மகளுக்கு நோவு கண்டுவிட்டது. அவ்வேளை இறைவனே தாயுருக் கொண்டு வந்து பேறு பார்த்துத் துணையிருந்தார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேர்ந்தபொழுது வீட்டில் இரண்டு தாயர் இருந்தனர். சிறுவயதில் இதனைப் பக்திக் கதையாகவே கேட்டு வந்தோம். பேற்று மரணங்களைப் பற்றிய அறிக்கைகளைப் படிக்கத் தொடங்கிய பின்னர் அது வேறொரு வகையிலும் நம் மனத்திற் பட்டது. அப்பெண்ணுக்கு வந்த இடர் நோயன்று. துணை வரவேண்டியவர் உரிய நேரத்தில் வரமுடியவில்லை. நடுவே ஓர் ஆறு. இன்றைக்கும் பெரும்பாலான பேற்று மரணங்களின் கதை இவ்வளவுதான்.

உலக சுகாதார நிறுவனமும் அதனைச் சார்ந்த அமைப்புகளும் 2025ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2023ஆம் ஆண்டிற் கர்ப்பம், பேறு ஆகியவற்றின் காரணமாக இறந்த பெண்கள் ஏறக்குறைய 260,000 பேர். நாளொன்றுக்கு 700 பேருக்கு மேல். இவர்களிற் பத்தில் ஒன்பது பேருக்கு மேற்பட்டோர் வறிய நாடுகளையும் அவற்றுக்கு அடுத்த படியிலுள்ள நாடுகளையும் சேர்ந்தவர்கள். மிக வறிய நாடுகளில் இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு 346 தாய்மார் இறக்கச் செல்வ நாடுகளில் 10 பேரே இறக்கின்றனர். சிசுக்களின் கணக்கு இதனினும் பெரிது. 2022ஆம் ஆண்டிற் பிறந்து 28 நாள் நிரம்புமுன் மாண்ட குழந்தைகள் 23 இலட்சம்.

தாய்மாரின் உயிரைக் கவரும் காரணங்கள் மருத்துவ உலகத்துக்குப் புதியனவல்ல. முதலாவது, பேற்றின் பின் நிற்காத குருதிப்போக்கு. அடுத்தது கர்ப்ப காலத்திற் குருதியமுக்கம் ஏறி வலிப்புக் காணுதல். பிறகு கிருமித்தொற்று, பிள்ளை குறுக்கே கிடந்து வழியடைத்தல், பாதுகாப்பற்ற கருச்சிதைவு, இவற்றோடு இருதய நோய் போன்ற வேறு வியாதிகள். இவற்றிற் பெரும்பாலானவற்றுக்கு மருந்தோ சிகிச்சையோ பல பத்தாண்டுகளுக்கு முன்னரே கண்டறியப்பட்டுவிட்டது. வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் சல்பேற்று விலையுயர்ந்த மருந்தன்று. 33 நாடுகளில் ஏறக்குறைய 10,000 பெண்களிடத்து நடந்து 2002இல் வெளியான ஆய்வு, அது வலிப்பு வரும் அபாயத்தைப் பாதியாகக் குறைக்கும் என்று ஐயமறக் காட்டியது. ஆகவே, மருந்து இல்லாமையினால் இறந்தார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. மருந்து இருக்கும் இடத்துக்கு வந்துசேராமையினால் இறந்தார்கள். வந்தும் அங்கே அது கிடைக்காமையினால் இறந்தார்கள்.

இதனை ஆராய்ந்த தடியஸ், மெயின் என்னும் இரு பெண்மணிகள் 1994இல் ஒரு கட்டுரை எழுதினர். தாமதம் மூன்று வகை என்பது அவர்கள் கண்ட முடிவு. வைத்தியரிடம் போகவேண்டும் என்று வீட்டார் முடிவு செய்வதிலே தாமதம். முடிவு செய்தபின் போய்ச் சேருவதிலே தாமதம். போய்ச் சேர்ந்தபின் தக்க சிகிச்சை தொடங்குவதிலே தாமதம். பேற்றின் பின் பெருங் குருதிப்போக்குக் கண்ட பெண், சிகிச்சை கிடையாவிடின் இரண்டு மணி நேரத்துக்குள்ளும் இறக்கலாம். "விடியட்டும் பார்ப்போம்" என்ற ஒரு வார்த்தை எத்தனை பேரைக் கொன்றிருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

வறிய நாடொன்று இம்மூன்று தாமதங்களையும் வெல்ல முடியுமா? முடியும் என்பதற்கு உலகத்தார் எடுத்துக்காட்டும் நாடுகளுள் ஒன்று நமது இலங்கை. இதனை நாம் ஊர்ப்பெருமைக்காகச் சொல்லவில்லை. உலக வங்கி 2003இல் மலேசியாவையும் இலங்கையையும் வைத்து ஒரு நூலே வெளியிட்டது. 1930களில் இந்நாட்டில் இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். அஃதாவது, ஏறத்தாழ ஐம்பது பேற்றுக்கு ஒரு தாய். ஒவ்வோர் ஊரிலும், ஒவ்வோர் ஒழுங்கையிலும் ஒரு பெண் பேற்றிலே போனாள் என்ற நினைவு இருந்த காலம் அது. பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்று நம் முன்னோர் சொன்னது அலங்காரத்துக்காக அன்று. எம் பாட்டியார் ஒன்பது பெற்று ஐந்தை வளர்த்தவர். இழந்த நால்வருள் மூவருக்குப் பெயரிடவும் நேரம் கிடைக்கவில்லை என்பார். அதைச் சொல்லும்போது அவர் அழுததை நாம் கண்டதில்லை. எல்லா வீட்டிலும் நடப்பது என்ற பாவனையிலேதான் சொல்வார்.

1950 அளவில் அந்த 2,000 என்ற தொகை 600க்குக் கீழே இறங்கியது. அண்மைய ஆண்டுகளில் அது 30 அளவில் நிற்கின்றது. நாடு செல்வம் பெற்றபின் இவ்வீழ்ச்சி வந்ததா எனின், இல்லை. வருவாய் குறைந்திருந்த காலத்திலேயே பெரும்பகுதி நிகழ்ந்துவிட்டது.

எவ்வாறு நிகழ்ந்தது? ஒரே காரணத்தைக் காட்டுவோர் நம்மை ஏமாற்றுகின்றனர். 1931இற் பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. எழுத்தறிந்த பெண் வைத்தியரிடம் கேள்வி கேட்கத் துணிந்தாள். 1934–35இல் நாட்டைச் சூறையாடிய மலேரியா கர்ப்பிணிகளையும் பெரிதும் வாட்டியது. 1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. தெளித்து அதனை அடக்கியபொழுது பேற்று மரணமும் கூடவே குறைந்தது. நம் யாழ்ப்பாணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மானிப்பாயிலிருந்து தொண்டாற்றிய டாக்டர் கிறீன் மகப்பேற்று வைத்திய நூலொன்றைத் தமிழாக்கி 1850களிலேயே அச்சிடுவித்தார். 1898இற் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. இவையெல்லாம் உதவின. எனினும், நடுநாயகமாக ஒன்றைச் சொல்லவேண்டுமாயின் நாம் மருத்துவமாதையே சொல்வோம்.

1926ஆம் ஆண்டிற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி தொடங்கப்பட்டது. நோயாளி வரும்வரை காத்திராமல், ஒரு குறித்த நிலப்பரப்பில் வாழும் எல்லோருக்கும் பொறுப்பேற்பது என்ற புதுக்கொள்கை அங்கே நடைமுறைக்கு வந்தது. பயிற்சி பெற்ற மருத்துவமாது ஒருத்திக்குச் சில கிராமங்கள். சனத்தொகை சில ஆயிரம். அங்கே கர்ப்பமுற்ற பெண் யார், எத்தனையாவது பிள்ளை, முன்னைய பேறு எப்படி நடந்தது என்பதெல்லாம் அவள் கொப்பியில் இருக்கும். வெளிறிய முகத்தைக் கண்டால் இரும்புச்சத்து மாத்திரை. காலில் வீக்கம் கண்டால் கிளினிக்குக்கு வா என்ற கட்டளை. மாமியார் மறித்தால் மாமியாரோடு வாதாடுவதும் அவள் வேலையே. அன்று சைக்கிளில் வந்தாள். இன்று ஸ்கூட்டரில் வருகின்றாள். குடும்பநல உத்தியோகத்தர் என்ற பெரிய பெயர் வந்துவிட்டபோதிலும் ஊரார் வாயில் அவள் "மிஸ்ஸி"தான்.

வேறு நாடுகளும் கிராமந்தோறும் ஆட்களை நியமித்தன. ஆயினும் எல்லா இடத்தும் பலன் ஒன்றாக இல்லை. வேற்றுமை எங்கே எனின், நம் மருத்துவமாதுக்குப் பின்னால் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. அவள் கைக்கு மிஞ்சிய பேற்றை அனுப்ப ஓர் இடம். அங்கே வைத்தியர், குருதி, சத்திரசிகிச்சை. கட்டணம் கேட்பார் இல்லை. உடன்பட மறுக்கும் வீட்டாருக்கு அவள் சொல்லே போதுமாயிருந்தது. ஏனெனில் அவள் அனுப்பிய பெண்கள் உயிரோடு திரும்பி வந்ததை ஊர் கண்டிருந்தது. முதலாம் தாமதம் இவ்வாறு மூன்றாம் தாமதத்தோடு பிணைந்துள்ளது. போனால் பிழைப்போம் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் எவரும் நேரத்தோடு புறப்படுவதில்லை.

இன்னொன்று பேசப்படுவது குறைவு. ஆனால் நம் கருத்தில் மிகப் பெரிது. இந்நாட்டில் ஒரு தாய் பேற்றில் இறந்தால் அம்மரணம் விசாரிக்கப்படும். 1980களில் இம்முறை நாடு முழுவதற்கும் ஒழுங்காக்கப்பட்டது. எவரையும் தண்டிக்கும் நோக்கம் அவ்விசாரணைக்கு இல்லை. வீட்டுக்குப் போய்க் கேட்கின்றனர். வைத்தியசாலைக் குறிப்புகளைப் புரட்டுகின்றனர். வைத்தியர், தாதி, மருத்துவமாது எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். எத்தனை மணிக்கு நோவு கண்டது? எத்தனை மணிக்குப் புறப்பட்டாள்? வாகனம் எங்கே நின்றது? குருதி எப்போது ஏற்றப்பட்டது? தடுத்திருக்கக்கூடிய மரணந்தானா? செத்தவள் திரும்பப் போவதில்லை. ஆனால் அவள் விழுந்த குழியில் அடுத்தவள் விழாதபடி மண் போடப்படுகின்றது. பேற்றில் இறந்த பெண்ணின் பெயரே எந்தப் பதிவிலும் ஏறாத நாடுகள் இன்றும் உள்ளன. எண்ணப்படாத மரணத்தை எவ்வாறு குறைப்பது?

இதைச் சொல்லிவிட்டு நாட்டின் எல்லா மூலைகளும் ஒன்றாக முன்னேறின என்று நாம் பேசிவிட்டுப் போனால் அது பொய்யாகும். மலையகத் தோட்டங்களில் இக்குறைவு நெடுங்காலம் பிந்தியே வந்தது. லயத்திலிருந்து பிரதான வீதிக்கு இறங்குவதே ஒரு பயணம். வடக்கிலும் கிழக்கிலும் போர் நடந்த ஆண்டுகளில் ஊரடங்கு இரவில் நோவு கண்ட பெண்ணை எடுத்துக்கொண்டு வீதித் தடைகளைத் தாண்டியவர்கள் இச்சபையிலேயே இருக்கக்கூடும். காவிரி வெள்ளம் எல்லாக் காலத்திலும் நீராகவே வருவதில்லை.

சிசுக்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்வோம். பிறந்த குழந்தைக்கு வேண்டியவை நான்கு: மூச்சு, சூடு, தாய்ப்பால், துப்புரவு. பிறந்தவுடன் குளிப்பாட்டுவதும், சீம்பாலைக் கறந்து ஊற்றிவிட்டுச் சீனித்தண்ணீர் வைப்பதும், தொப்புளிற் சாம்பலோ சாணமோ பூசுவதும் அன்பினால் செய்யப்பட்டனவே. ஆயினும் அவை கொன்றன. தொப்புள் வழியே புகும் ஏற்புவலி நோயினால் 1988இல் உலகிற் பல இலட்சம் சிசுக்கள் மாண்டன என்று கணக்கிட்டுள்ளனர், துல்லியமாகச் சொல்லின் 787,000. கர்ப்பிணிக்கு இடும் ஊசியினாலும் சுத்தமான கத்தியினாலும் 2018 அளவில் அது 25,000 ஆக இறங்கிவிட்டது. இதைவிட மலிவாக உயிர் வாங்க முடியுமா என்று நமக்குத் தெரியவில்லை.

1978இற் கொலம்பியா நாட்டின் போகோட்டா நகரில், எடை குறைந்து பிறந்த குழந்தைகளை வைக்கும் வெப்பப் பெட்டிகள் போதாமற் போயின. ஒரே பெட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கிடத்தக் கிருமித்தொற்றுப் பரவி மாண்டன. டாக்டர் எட்கார் ரே என்பவர் குழந்தைகளை எடுத்துத் தாயின் மார்போடு தோலுக்குத் தோல் படும்படி கட்டிவிட்டார். கங்காரு முறை என்று அதற்குப் பெயராயிற்று. நெடுநாள் இதனை ஏழைகளுக்கான மாற்று வழி என்றே எண்ணினர். 2021இற் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் வைத்தியசாலைகளில் நடந்த ஆய்வு வெளியாயிற்று. பிறந்தவுடனேயே இம்முறையைத் தொடங்கினால், குழந்தையின் உடல்நிலை தேறும்வரை காத்திருந்து தொடங்குவதைக் காட்டிலும் மரணம் நாலிலொரு பங்கு குறைகின்றது எனக் கண்டனர்.

மகாராஷ்டிரத்துக் கட்சிரோலியிலே அபய் பாங், ராணி பாங் என்னும் வைத்தியத் தம்பதியர் செய்ததும் இத்தகையதே. வைத்தியசாலை எட்டாத் தொலைவிலிருந்த 39 கிராமங்களில் ஓரளவு படித்த பெண்களைத் தேர்ந்து, மூச்சு விடாத சிசுவுக்கு மூச்சூட்டவும், கிருமித்தொற்றின் அடையாளங்களைக் கண்டு ஊசி போடவும் பழக்கினர். கிராமத்துப் பெண் கையிற் ஊசியைக் கொடுப்பதா என்று மறுத்தோர் உண்டு. 1999இல் முடிவு வெளிவந்தது: சிசு மரணம் 62 வீதம் குறைந்திருந்தது. பின்னர் இந்திய அரசே அம்முறையைத் தன் கிராமச் சுகாதாரப் பெண்களுக்குப் பாடமாக்கியது.

இனி ஆபிரிக்கா. பேற்று மரணங்களிற் பத்தில் ஏழு சகாராவுக்குத் தெற்கேதான். அங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்று எண்ணுவது நம்மவரிடையேயுள்ள தவறான எண்ணம். எதியோப்பியா 2003 முதல் கிராமங்கள்தோறும் இரண்டிரண்டு பெண்களைப் பயிற்றி நியமித்தது. அங்கே தூரத்து மலைக் கிராமத்துக் கர்ப்பிணி, பேற்று நாளுக்கு முன்னரே வந்து தங்குவதற்கு வைத்தியசாலை அருகே விடுதிகள் உண்டு. ஆற்றைக் கடக்க வழியில்லாவிட்டால் வெள்ளம் வருமுன் இக்கரைக்கு வந்துவிடுவது, அவ்வளவே உபாயம்.

மூன்றாம் தாமதத்தை, அஃதாவது வைத்தியசாலைக்குள்ளே நேரும் தாமதத்தைப் பற்றி 2023இல் ஓர் அருமையான ஆய்வு வெளிவந்தது. கென்யா, நைஜீரியா, தென்னாபிரிக்கா, தன்சானியா ஆகிய நாடுகளின் 80 வைத்தியசாலைகளில், 200,000க்கு மேற்பட்ட பேறுகளில் நடந்தது. அதுவரை குருதி எவ்வளவு போயிற்று என்பதைக் கண்ணால் மதிப்பிட்டு வந்தனர். கண் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடும். இவ்வாய்விலே தாயின் கீழே அளவுக்கோடிட்ட பிளாஸ்ரிக் விரிப்பொன்றை இட்டுக் குருதியை அளந்தனர். கோட்டைத் தாண்டியதும், ஒன்று பயன்படாவிட்டால் அடுத்தது என்று காத்திராமல், கருப்பையைப் பிசைந்துவிடுதல், ஒக்சிற்றோசின், குருதி உறையச் செய்யும் மருந்து, சேலைன் எல்லாவற்றையும் ஒருசேரச் செய்தனர். கடுமையான குருதிப்போக்கும் அதனால் நேரும் மரணம் முதலிய கேடுகளும் 60 வீதம் குறைந்தன. புதிய மருந்து ஒன்றும் இல்லை. ஒரு பிளாஸ்ரிக் விரிப்பும், காத்திராமையுமே.

இவ்வளவும் தெரிந்திருந்தும் குறைவின் வேகம் 2016க்குப் பின் தளர்ந்துவிட்டது. 2030க்குள் உலக முழுவதும் இலட்சத்துக்கு 70க்குக் கீழே கொண்டுவருவதென நாடுகள் உறுதி பூண்டன. 2023இல் அது 197. போதாக்குறைக்கு 2025இற் செல்வ நாடுகள் உதவி நிதியைத் திடீரென வெட்டியமையால், வறிய நாடுகள் பலவற்றிற் கிளினிக்குகள் மூடப்பட்டுச் சுகாதார ஊழியர் வேலையிழந்தனர். கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியை வெட்டியவர்களுக்கு நைஜீரியாவிலே எந்த வீட்டில் விளக்கு அணையும் என்பது தெரியப்போவதில்லை.

இளைஞர்களே, முடிவாக உங்களிடம் கேட்கவேண்டியது ஒன்றுண்டு. உருவாண்டா நாட்டில் 2016 முதல் ஆளில்லாச் சிறு விமானங்கள் மலைகளைக் கடந்து குருதியைக் கொண்டுபோய் வைத்தியசாலை முற்றத்திற் போடுகின்றன. கேட்க வியப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் விமானம் குருதியைக் கொண்டுசெல்லுமேயன்றி உண்டாக்காது. பேற்றின் பின் குருதி வற்றிக் கிடக்கும் பெண்ணுக்கு வேண்டியதை இன்னொரு மனிதர் முன்னதாகக் கொடுத்திருக்கவேண்டும். நமது நாட்டில் விலைக்கு வாங்கும் குருதி இல்லை. மனமுவந்து கொடுப்பவர்களையே வைத்தியசாலைகள் நம்பியிருக்கின்றன.

நமது சங்கம் ஆண்டுதோறும் இவ்விழாவையொட்டி இரத்ததான முகாம் நடத்துகின்றது, நல்லது. ஆனால் செங்குருதியைக் குளிர்ப்பெட்டியிற் பேணக்கூடிய காலம் ஐந்து அல்லது ஆறு கிழமைகளே. நாம் இன்று கொடுப்பது அதற்கப்பால் எவருக்கும் உதவாது. அடுத்த விழா வரை மிகுந்திருக்கும் பத்து மாதங்களிலும் இவ்வட்டாரத்தில் எத்தனையோ பேறுகள் நடக்கும். சுகதேகியான ஒருவர் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். அங்கத்தவர்களை மூன்று பிரிவாக வகுத்து, மாதம் மாற்றி மாதம் ஆட்கள் போகும்படி ஒழுங்கு செய்யவேண்டும் என்று செயலாளரைக் கேட்டுக்கொள்கின்றோம். அதற்கான கொப்பியை வாசலிலுள்ள மேசையில் வைத்திருக்கின்றோம். பெயரோடு இரத்த வகையையும், நள்ளிரவில் அழைத்தால் வாகனம் எடுத்துவர இயலுமா என்பதையும் எழுதுங்கள். தொடக்கத்திற் குறிப்பிட்ட நண்பர் தமது பெயரை முதலாவதாக எழுதியிருக்கின்றார்.